கூழை: திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் தலைமயிரின் நீளம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

தலைமயிரைக் குறிக்கும் சொற்களைத் தமிழ்மொழி பலவாகப் பெற்றுள்ளது. கூந்தல், ஓதி, குழல், கதுப்பு, அளகம், ஐம்பால் என்பன பெரும்பாலும் மகளிர்க்கும், குஞ்சி, பித்தை, பங்கி, ஓரி என்பன பெரும்பாலும் ஆடவர்க்கும் உரியனவாக வழங்கி வந்துள்ளன. இவற்றிடையே கூழை என்றொரு சொல்லும் உண்டு. பெண்ணின் தலைமயிர் என்று அதற்குப் பொதுப்படப் பொருள் கூறி அமைந்துவிடலாம். எனினும் அச்சொல் பிற இடங்களில் ஆளப்படும் முறையை நோக்கின் ஒரு நுட்பம் புலப்படும். நாற்சீர் அடியொன்றில் முதல் மூன்று சீர்களிலும் மோனை முதலிய தொடை அமைந்து, நான்காஞ் சீரில் அஃது அமையாதொழியின், அதனைக் கூழைத்தொடை என்பர் யாப்பிலக்கண நூலார். குறுகியதும் முற்றுப்பெறாததும் கூழை எனப்படும். எனவே, வளர்ச்சி முற்றிக் கூந்தல் என்னும் பெயரைப் பெறுதற்கு முன், குறுமையும் நீங்கிவிட்ட இடைநிலையில் உள்ள தலைமயிரே சிறப்பாகக் கூழை எனப்பட்டிருக்க வேண்டும் என்று கருதுகிறோம்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் களவொழுக்கத்துத் தலைவியின் மெய்ப்பாடுகளை வரிசைப்படுத்துமிடத்துக் 'கூழை விரித்தல்' என்பதனை ஒன்றாக வைத்தது. மகளின் உடன்போக்கை எண்ணி வருந்தும் தாயரின் கூற்றாக அமைந்த அகப்பாடல்களில், அவளது தலைமயிர் இப்போதுதான் முடிக்கும் அளவை எட்டியது என்னும் செய்தி அவளது இளமைக்குச் சான்றாகப் பேசப்படுகிறது. மயிரின் நீளமே வயதின் அளவுகோலாயிற்று. ஆடவர்க்கும் இத்தகைய எல்லைக்குறி உண்டு. புறநானூற்று 77ஆம் பாடலில் இடைக்குன்றூர் கிழார், பாண்டியன் நெடுஞ்செழியன் இளம்பருவத்துக் குடுமியை அப்போதுதான் களைந்து போர்க்களம் புகுந்தமையைக் காட்டுகிறார். கணவனை இழந்த பெண்டிர் தலைமயிர் களைந்த செய்தியையும் அத்தொகை நூலிற் காணலாம். ஆகவே, களைதல், வளர்த்தல், விரித்தல், முடித்தல் என்னும் நான்கு வினைகளும் பழந்தமிழர் வாழ்வில் தத்தமக்கெனப் பொருள் கொண்டிருந்தன. அவற்றிடையே இடைநீள மயிருக்கு ஒரு பெயரும் இருந்தது. அப்பெயரில் இகழ்ச்சி சிறிதும் இல்லை.

இச்சொல்லைக் கொண்டு திருகோணமலையின் வரலாற்றுக்குள் புகுதல் சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். துறைமுகம் உள்ள ஊரின் வரலாற்றைக் கோட்டையிலிருந்தும் கப்பலிலிருந்தும் எழுதுவதே வழக்கம். ஆயினும் ஒருவர் தம் தலையில் எவ்வளவு மயிர் வைத்திருக்கலாம் என்பதை யார் முடிவு செய்தார் என்னும் வினாவை எழுப்பினால், அக்கோட்டைகளின் அதிகாரம் மனிதரின் உடல்மீது எவ்வாறு இறங்கியது என்பது தெளிவாகின்றது. திருகோணமலையின் பெரிய குடாவைச் சூழ்ந்த நிலப்பகுதி பல அதிகாரங்களைக் கண்டது. வடகரையில் நகரும் கோட்டையும் கோணேசர் ஆலயமும். தென்கரையில் கொட்டியாரம், மூதூர், சம்பூர். அதற்குந் தெற்கே ஈச்சிலம்பற்றும் வெருகலாறும். அதிகாரங்கள் மாறி மாறி வந்தன. ஆனால் அவை ஒவ்வொன்றும் மயிரைப் பற்றி ஒரு கருத்து வைத்திருந்தது.

ஆங்கிலேயர்க்கு இக்கரையோடு ஏற்பட்ட தொடர்பின் தொடக்கக் காலச் செய்திகளுள் ஒன்று றொபேட் நொக்ஸ் என்பவருடையது. புயலில் பாய்மரம் இழந்த 'ஆன்' என்னும் கப்பலைச் செப்பனிட வேண்டிக் கொட்டியாரக் குடாவுக்கு வந்த கப்பல் தலைவரையும், அவருடைய அதே பெயர் கொண்ட மகனையும், மாலுமியர் சிலரையும் 1660இல் கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் சிறைப்பிடித்தனர். தந்தை 1661இல் இறந்தார். மகன் 1679இல் தப்பி அரிப்புக் கோட்டையை அடைந்தார். 1681இல் இலண்டனில் வெளிவந்த அவரது நூலில், உள்நாட்டு மகளிர் தலைக்குத் தேங்காயெண்ணெய் பூசி மயிர் முழுவதையும் பின்புறம் வாரிக்கொள்ளும் வழக்கமும் குறிக்கப்பட்டுள்ளது. பத்தொன்பது ஆண்டுகள் தம் நாட்டு நாவிதனின் கைபடாதிருந்த ஒருவர் பிறருடைய தலையலங்காரத்தைக் கூர்ந்து நோக்கியிருப்பதில் வியப்பில்லை. அவருடைய நூல் எமக்கு இங்கே பயன்படுவது ஒரு காரணத்துக்காகவே. பூசி, வாரி, பின்னே கட்டுதல் என்பது அக்காலத்தில் வழக்கமாக இருந்ததேயன்றி எவருடைய ஆணையாகவும் இருக்கவில்லை.

ஆணைகள் பின்னர் வந்தன. 1795 ஓகஸ்டில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைப்பற்றிய திருகோணமலை, 1957 ஒக்டோபரில் இலங்கை அரசிடம் ஒப்படைக்கப்படும் வரை அவர்களது கடற்படைத் தளமாக விளங்கியது. அக்கடற்படை 1869இல் ஒரு விதியை வகுத்தது. மாலுமியொருவன் தாடியையும் மீசையையும் ஒருங்கே வளர்க்கலாம். அன்றி இரண்டையும் ஒருங்கே மழிக்கலாம். தாடியின்றி மீசை மட்டும் வைத்தல் ஆகாது. வளர்க்க விரும்புவோன் சவரத்தை நிறுத்துவதற்கு மேலதிகாரியிடம் இசைவு பெறவேண்டும். வளர்ந்தது ஒழுங்காக அடர்ந்து வராவிடின் மழிக்குமாறு பணிக்கப்படுவான். இவ்விதியைக் கப்பற்றளத்தில் வேலை செய்த எமது மக்கள் எவ்வாறு நோக்கியிருப்பர் என்று எண்ணிப் பார்க்கின் சற்று நகைப்பே தோன்றும். தாடியை மழித்து மீசையைப் பேணுவதே தமிழ் ஆடவருட் பெரும்பாலோரின் வழக்கம். வெள்ளைக்காரனுக்கு விலக்கப்பட்ட முகம், அவன் கீழ் வேலை பார்த்தவனுக்கு இயல்பான முகமாயிற்று. எனினும் விதியின் உள்ளமைப்பு எமது பொருளுக்கு இன்றியமையாதது. முற்ற வளர்த்தல், முற்றக் களைதல் என்னும் இரண்டையே அது அறியும். இடைநிலைக்கு அங்கே இசைவுச் சீட்டும் தவணையும் வேண்டியிருந்தன.

தமிழ் ஆடவரின் குடுமி மறைந்த வரலாறு தனியே விரித்தெழுதத் தக்கது. இங்கே அதன் ஒரு கூறை மட்டும் தொடுவோம். கிறித்தவராகிய ஒருவன் குடுமியைக் களைதல் வேண்டுமா என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டுத் திருச்சபையாரிடையே பெரும் விவாதமாக இருந்தது. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்ட கால்டுவெல் ஐயரே 1867இல் குடுமியைப் பற்றிச் சிறு நூலொன்று எழுதினார். குடுமி சமயச் சின்னமன்று, அது நாட்டு வழக்கமேயாகும், ஆதலின் அதனைக் களையுமாறு வற்புறுத்தலாகாது என்பது அவர் கொள்கை. மொழிநூற் புலவராகவே அவரை அறிந்தோர்க்கு இந்நூல் புதுமையாக இருக்கும். ஓர் ஆயர் ஆகப்போகின்றவர் ஒரு பிடி மயிருக்காக எழுதுகோல் எடுத்தார் என்றால், அக்காலத்தில் அது எத்துணைப் பெரிய வினாவாக இருந்திருக்க வேண்டும் என்பது விளங்கும்.

ஆனால் விவாதித்தோர் ஒரு நடைமுறைச் சிக்கலைப் பெரிதாகக் கொண்டாரில்லை. குடுமி வைத்தவனின் முன்தலை மழிக்கப்பட்டிருக்கும். பின்தலையில் மயிர் நீண்டிருக்கும். அவன் 'குறொப்' எனப்பட்ட வெட்டுக்கு மாற விரும்பினால் பின்மயிரை ஒரு நொடியில் அறுத்துவிடலாம். முன்தலையோ மாதக்கணக்கில் வளர வேண்டும். அந்த மாதங்களில் அவன் பழைய வழக்கத்தானும் அல்லன், புதிய வழக்கத்தானும் அல்லன். குடுமியிலிருந்து குறொப்புக்கு ஒரு தலைமுறை மாறியது என்று நூல்கள் ஒரு வரியில் கூறிச் செல்கின்றன. அவ்வரிக்குள் ஒவ்வொருவனும் தலைப்பாகைக்குள் மறைத்து வைத்திருந்த சில மாதங்கள் அடங்கியுள்ளன.

திருவள்ளுவர் துறவியின் கூடாவொழுக்கத்தைக் கடியும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் (280), உலகம் பழிப்பதை விட்டொழித்தவனுக்கு மழித்தலும் தேவையில்லை, நீள வளர்த்தலும் தேவையில்லை என்ற கருத்தை அமைத்தார். புறக்கோலத்தால் அகத்தை அளக்கலாகாது என்பதற்கு இக்குறள் பலராலும் எடுத்தாளப்படுவது. நாம் கவனிக்க விரும்புவது வேறு. வள்ளுவரும் மழித்தல், நீட்டல் என்னும் இரண்டையே கூறினார். கோலம் என்று உலகம் ஏற்றுக்கொள்வது அவ்விரு முனைகளையே. சுவாமி விபுலாநந்தர் 1925இல் திருகோணமலை இந்துப் பாடசாலையின் பொறுப்பை இராமகிருஷ்ண மிஷன் சார்பில் ஏற்றபோது, மழித்த தலையும் துவராடையும் அவரை எவரும் கேளாமலே அறிமுகப்படுத்தின. கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார் வெருகல் முருகன் கோயிலில் தங்கிச் செல்லும்போது, அவர்தம் சடையும் தாடியும் அவ்வாறே அவர்களை அறிமுகப்படுத்துகின்றன. இடைநீள மயிரோடு வருபவர்க்கு அத்தகைய அறிமுகம் எதுவும் இல்லை. அவர் தம்மைத் தாமே விளக்கியாக வேண்டும்.

மகளிர்பால் வருவோம். கிழக்கிலங்கையின் கண்ணகை அம்மன் கோயில்களில் வைகாசித் திங்களில் நிகழும் குளிர்த்திச் சடங்கு, அவிழ்ந்த கூந்தலோடு மதுரையை எரித்தவளின் சினத்தை ஆற்றுவதற்காகவே நிகழ்கிறது. விரிந்த கூந்தல் வெப்பத்துக்கும் முடிந்த கூந்தல் தணிவுக்கும் உரியன என்னும் உணர்வு எமது மக்களிடையே ஆழ வேரூன்றியது. எனவே ஒரு பெண்பிள்ளையின் தலைமயிரைத் தாய் எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னுதல் வெறும் அழகு பற்றிய செயலன்று. பின்னலுக்கு எட்டாத மயிர் அடங்காத மயிராகவே எண்ணப்பட்டது.

இவ்வுணர்வோடு இருபதாம் நூற்றாண்டுப் பாடசாலையின் ஒழுங்கு வந்து கலந்தது. மெதடிஸ்த பெண்கள் கல்லூரியும் 1923இல் தொடங்கிய சண்முக மகளிர் கல்லூரியும் திருகோணமலை நகரப் பெண்பிள்ளைகளின் கல்விக்கு ஆற்றிய தொண்டு இங்கே விரிக்கத் தேவையற்றது. இலங்கைப் பாடசாலைகள் பெரும்பாலானவற்றில் பொதுவாக வழங்கும் ஒழுங்கு ஒன்றையே குறிப்பிடுகிறோம். மாணவியின் மயிர் சட்டைக் கழுத்தைத் தொடாதவாறு குறுக வெட்டப்பட்டிருத்தல் வேண்டும். தொடுமாயின் இரட்டைப் பின்னலாகப் பின்னப்படுதல் வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது இலங்கையில் பணியாற்றிய பிரித்தானியக் கடற்படை மகளிர் பிரிவினர்க்கும், மயிர் சட்டைக் கழுத்துக்கு மேலே நிற்றல் வேண்டும் என்னும் விதி இருந்தது. ஒன்றிலிருந்து மற்றது பிறந்தது என்று நாம் கூறவில்லை. சீருடை அணிவிக்கும் எந்த நிறுவனமும் கழுத்துப் பட்டியையே அளவுகோலாக எடுத்துக்கொள்கிறது என்பதே எமது கூற்று. கழுத்தைத் தாண்டி, பின்னலுக்கு எட்டாமல் நிற்கும் கூழையை வைத்திருக்கும் பிள்ளை இரண்டு விதிக்கும் நடுவே நிற்கிறாள். வெட்டுவதா, வளர்ப்பதா என்று அவள் முடிவு செய்தாக வேண்டும். வீட்டில் தாய் வளர்க்கச் சொல்வாள். பேன் தொல்லையைக் கண்ட பெரியம்மா வெட்டச் சொல்வாள். வகுப்பாசிரியை கறுப்பு நாடாவும் கிளிப்பும் கொண்டு எப்படியாவது ஒதுக்கிவரச் சொல்வாள். அமைதிக் காலத்தில் இஃது ஒரு சிறு தொல்லை மட்டுமே. அடுத்த பருவ விடுமுறைக்குள் தீர்ந்துவிடும்.

போர்க்காலத்தில் இதே வினா வேறு உருக்கொண்டது. இக்கட்டுரை எழுதப்படுவதற்குக் காரணமே அதுவாகும்.

தமிழீழ விடுதலைப் புலிகளின் பெண்களுக்கான முதலாவது படைப்பயிற்சி 1985இல் தமிழகத்தில் நடைபெற்றது. இயக்கத்தில் சேர்ந்த அல்லது சேர்க்கப்பட்ட பெண்பிள்ளைகளின் மயிரைக் கட்டையாக வெட்டுதல் வழக்கமாயிற்று. பயிற்சிக்கும் காட்டு வாழ்க்கைக்கும் அது வசதி என்பது ஒரு காரணம். ஆயினும் அதன் விளைவு வசதியோடு நிற்கவில்லை. தாய் பின்னிய பின்னல் அறுக்கப்பட்டபோது வீட்டுக்கும் அப்பிள்ளைக்கும் இடையிலிருந்த அன்றாடத் தொடர்பொன்றும் அறுந்தது. ஓடிப்போனால் எவரும் இனங்கண்டுகொள்ளத்தக்க அடையாளம் ஒன்றும் அவள்மேல் ஏறிக்கொண்டது. பிற்காலத்தில் இயக்கத்துப் பெண்கள் பலர் மயிரை வளர்த்து இரட்டைப் பின்னலாகப் பின்னி, மடித்துத் தலையோடு சேர்த்துக் கட்டினர். அக்காலப் புகைப்படங்களில் இதனைப் பரவலாகக் காணலாம். பாடசாலைப் பின்னலே படையணிப் பின்னலாக மாறிய விந்தை அது.

1990 யூனில் மீண்டும் போர் மூண்ட பின்னர், திருகோணமலை நகரம் அரச படையினரின் கட்டுப்பாட்டிலும் மூதூர் கிழக்கின் பல கிராமங்கள் இயக்கத்தின் செல்வாக்கிலும் நெடுங்காலம் இருந்தன. இடையில் கடலும் களப்பும் கிடந்தன. கிண்ணியாவில் 396 மீற்றர் நீளமான பாலம் திறக்கப்பட்டது 2009 ஒக்டோபரிலேயே. அதற்கு முன்னர் பாதையிலும் படகிலுமே மக்கள் கடந்தனர். கடக்கும் துறைகளிற் சோதனைச்சாவடிகள் இருந்தன. 1972 முதல் வழங்கப்பட்ட தேசிய அடையாள அட்டையில் உள்ள முகத்தோடு எதிரே நிற்கும் முகத்தை ஒப்பிட்டுப் பார்த்தல் அங்கே நாள்தோறும் நிகழ்ந்தது. அட்டையில் இரட்டைப் பின்னலும் தலையில் கட்டை மயிருமாக நின்ற இளம்பெண் என்ன விளக்கம் கூறினாலும் ஐயத்துக்குரியவளே. நெருப்புக்காய்ச்சலில் மயிர் கொட்டியவளும், பேனுக்காக வெட்டியவளும், கொழும்பு நாகரிகத்தைப் பார்த்து வெட்டியவளும் அவ்வரிசையில் ஒன்றாகவே நின்றனர். சான்று என்ற வகையில் இது எத்துணை வலுவற்றது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? நீளப் பின்னலோடு துப்பாக்கி ஏந்தியவளும் இருந்தாள். கட்டை மயிரோடு தையற்பொறியின் முன்னிருந்தவளும் இருந்தாள். ஆயினும் சாவடியில் நிற்பவனுக்கு வேறு நூல் வாசிக்கத் தெரியாதபோது, தலைமயிரையே அவன் வாசித்தான்.

2002 பெப்ரவரி 22இல் போர்நிறுத்த உடன்பாடு கைச்சாத்தாயிற்று. 2004 மார்ச் மாதத் தொடக்கத்தில் கிழக்கின் தளபதி கருணா இயக்கத்திலிருந்து பிரிந்தார். ஏப்பிரல் 9ஆம் நாள், பெரிய வெள்ளியன்று, வன்னியிலிருந்து வந்த அணிகள் திருகோணமலை, மட்டக்களப்பு மாவட்டங்களின் எல்லையாகிய வெருகலாற்றங்கரையில் தாக்குதல் தொடுத்தன. சில நாட்களில் கருணாவின் படை கலைந்தது. சிறார் உட்பட மிகப் பலர் வீடு திரும்பினர். அவர்களுட் பெண்பிள்ளைகளும் இருந்தனர். பெரும்பாலோர் மட்டக்களப்பு மாவட்டத்தினரே எனினும், மாவட்ட எல்லை ஆற்றில் ஓடுகிறதேயன்றி உறவினரிடையே ஓடுவதில்லை. அவ்வாண்டு நவம்பரில் மனித உரிமைகள் கண்காணிப்பகம் கிழக்கிலங்கைச் சிறார் ஆட்சேர்ப்புப் பற்றி வெளியிட்ட அறிக்கை, அவ்வாறு திரும்பியோரை மீண்டும் சேர்க்க நிகழ்ந்த முயற்சிகளையும் பதிவு செய்துள்ளது. திரும்பிய பிள்ளையை யாரும் பெயர்ப் பட்டியல் கொண்டு தேட வேண்டியிருக்கவில்லை. அவளது தலையே காட்டிக்கொடுத்தது. இயக்கமும் அதனைக் கண்டது, பிரிந்து நின்றோரும் கண்டனர், படையினரும் கண்டனர், அயலவரும் கண்டனர்.

இனி ஒரு சிறு கணக்கைச் செய்து பார்ப்போம். மனிதரின் தலைமயிர் மாதம் ஒன்றுக்கு ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றேகால் சென்ரிமீற்றர் வரை வளரும். எண்ணெயும் சீயக்காயும் மயிரைப் பேணுமேயன்றி அவ்வேகத்தைப் பெரிதாக மாற்றா. ஐந்து சென்ரிமீற்றர் மயிரோடு 2004 ஏப்பிரலில் ஒரு பிள்ளை வீட்டு வாசலை மிதித்தாள் எனக் கொள்வோம். ஆழிப்பேரலை அக்கரையை அழித்த டிசெம்பர் 26ஆம் நாளில் அவளது மயிர் காதை மூடிப் பிடரியைத் தொட்டிருக்கும். அதாவது பாடசாலை விதியும் ஏற்காத, எவர் கண்ணுக்கும் படக்கூடிய நீளம். அந்த நீளத்தோடு இடைத்தங்கல் முகாம்களில் முன்பின் அறியாதார் நடுவே வாழ நேர்ந்தோரும் இருந்திருப்பர். 2005ஆம் ஆண்டின் முடிவில் அது தோளை அடைந்திருக்கும். தோளுக்குக் கீழே இறங்கி, இரட்டைப் பின்னலுக்கு ஐயமின்றி இடங்கொடுக்க 2006ஆம் ஆண்டின் நடுப்பகுதி ஆகியிருக்கும்.

2006 யூலையில் மாவிலாற்று அணைக்கதவு மூடப்பட்டதை அடுத்துப் போர் மீண்டது. ஓகஸ்ட் தொடக்கத்தில் மூதூர் நகரம் போர்க்களமாகியது. அம்மாதம் 4ஆம் நாள் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமொன்றின் பணியாளர் பதினெழுவர் அங்கே கொல்லப்பட்டனர். செப்டெம்பர் 4ஆம் நாள் சம்பூர் படையினர் வசமாயிற்று. மூதூர் கிழக்கு மக்கள் ஈச்சிலம்பற்று, வாகரை வழியாக மட்டக்களப்பு நோக்கி இடம்பெயர்ந்தனர். வெட்டப்பட்ட மயிர் மீண்டும் பின்னப்படுவதற்கு வேண்டிய காலமும், இக்கரைக்குக் கிடைத்த ஓய்வுக்காலத்தின் எஞ்சிய பகுதியும் ஏறக்குறைய ஒரே அளவின. மயிர் பின்னலை எட்டிய மாதத்திலேயே பாதைகள் மீண்டும் அடைபட்டன. இத்தகைய ஒப்புமைகளை வரலாற்றாசிரியர் ஐயத்தோடு நோக்க வேண்டும் என்பதை நாம் மறந்தோமல்லேம். எனினும் போர்நிறுத்தம் எவ்வளவு காலம் நீடித்தது என்னும் வினாவுக்கு உடன்பாட்டுத் திகதிகள் தரும் விடை ஒன்று. ஒரு பிள்ளையின் தலை தரும் விடை மற்றொன்று. உடன்பாட்டைப் பொறுத்தவரை அது 2008 சனவரி வரை தாளில் இருந்தது.

அவ்விரண்டு ஆண்டுகளில் ஒரு குடும்பத்தின்முன் இருந்த வழிகள் யாவை? கட்டையாகவே வைத்திருந்தால் நாகரிக வெட்டு என்று சொல்லிக்கொள்ளலாம். நகரத்து அலுவலகப் பெண்ணுக்குப் பொருந்தும் அவ்விளக்கம் ஈச்சிலம்பற்றுக் கமக்காரர் வீட்டுப் பிள்ளைக்குப் பொருந்தாது. வளர்க்கத் தொடங்கினால் இடைநீளம் என்னும் நெடிய மாதங்களைக் கடந்தாக வேண்டும். அம்மாதங்கள் முழுவதும் 'இது வெட்டப்பட்ட தலை' என்பதை வளரும் மயிரே சொல்லிக்கொண்டிருக்கும். முற்ற மழித்து நேர்த்திக்கடன் என்று கூறுதல் ஆண்பிள்ளைக்கும் குழந்தைக்கும் எளிது. வயதுவந்த, மணமாகாத பெண்ணுக்கு மொட்டையிடுதல் எமது ஊர்களிற் பெருவழக்கன்று, அவ்வழியும் அடைபட்டதே. உறவினர் வீட்டுக்கு அனுப்புதல், வீட்டுக்குள்ளேயே வைத்திருத்தல், பாடசாலையை நிறுத்துதல், விரைவில் மணமுடித்து வைத்தல் என்னும் முடிவுகள் பலவற்றின் அடியில் தலைமயிரின் நீளமும் ஒரு காரணமாக நின்றது. பாடசாலையை விட்டு இடைவிலகிய பெண்பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது வறுமை, இடப்பெயர்வு, பாதுகாப்பின்மை என்று காரணங்களை அடுக்குகிறோம். பாதுகாப்பின்மை என்னும் அச்சொல்லுக்குள் ஒரு சீப்பும் கண்ணாடியும் இருந்தன என்பதையும் சேர்த்து எழுதுதல் வேண்டும்.

வளர்ப்பதே என்று முடிவு செய்த வீடுகளில் அம்முடிவைச் செயற்படுத்தியவர்கள் தாய்மாரே. ஆட்சேர்ப்பும் ஆயுதக் களைவும் பற்றிய எந்த ஆவணத்திலும் இடம்பெறாத வேலை அது: எண்ணெய் காய்ச்சி வைத்தல், பிளவுபட்ட நுனியை மட்டும் அளந்து கத்தரித்தல், பின்னலுக்கு எட்டாத மயிரைச் சவரி வைத்து எட்டச் செய்தல். சவரிமயிர் எமது மகளிர் நெடுங்காலமாக அறிந்த பொருள். மணப்பெண்ணுக்கும் நடனமாடும் பெண்ணுக்கும் உரிய ஒப்பனை அது. அச்சத்தால் வைக்கப்படும்போதும் அதே பொருள்தான். வைக்கும் கை மட்டுமே நடுங்கும்.

2009 மே மாதத்தில் போர் முடிந்தது. சரணடைந்தோரும் கைதானோருமாகப் பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் புனர்வாழ்வு நிலையங்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் ஈராயிரத்துக்கும் மேற்பட்டோர் பெண்கள். விடுவிக்கப்பட்டு ஊர் திரும்பிய பெண்கள் மயிரை வளர்த்துச் சேலை உடுத்துப் பொட்டிட்டுக்கொள்வதையே இயல்பு வாழ்க்கைக்குத் திரும்பியதன் அறிகுறியாகப் பலரும் கொண்டனர். அதனை இயல்பு என்று ஏற்பதில் எமக்குச் சற்றுத் தயக்கம் உண்டு. வெட்டு என்றது ஓர் அதிகாரம். வளர் என்றது மற்றோர் அதிகாரம். முன்னதைப் போலவே பின்னதும் அப்பெண்ணின் விருப்பத்தை வினவியதாகத் தெரியவில்லை. கட்டை மயிரே தனக்கு உகந்தது என்று கண்டுகொண்ட பெண்ணும் இருந்திருக்கலாம் அன்றோ? அவள் அதை வைத்துக்கொள்வதற்கு ஊர் இடங்கொடுத்ததா என்பது ஆராயப்பட வேண்டிய வினா.

சம்பூரின் காணிகள் 2015, 2016ஆம் ஆண்டுகளில் விடுவிக்கப்பட்ட பின்னர் மக்கள் அங்கே மீண்டும் குடியமர்ந்துள்ளனர். பாலங்கள் அமைந்துவிட்டமையால் மூதூரிலிருந்து நகருக்குப் பேருந்திலேயே செல்லலாம். நகரத்துச் சலூன்களிலும் அழகுநிலையங்களிலும் தோளளவு வெட்டு ஒன்றுக்குப் பலவாகக் கிடைக்கிறது. பணம் கொடுத்தே பெண்பிள்ளைகள் கூழை வைத்துக்கொள்கின்றனர். தாயர் முணுமுணுக்கின்றனர், பாடசாலை வாசலில் நாடா கொண்டு ஒதுக்கச் சொல்கின்றனர். இம்முணுமுணுப்பு எமக்கு இனிமையாகவே கேட்கிறது.

இத்துறையில் மேலும் ஆராய விழைவோர்க்கு ஒன்று கூறுவோம். இவ்வரலாற்றின் முதன்மைச் சான்றுகள் ஆவணக் காப்பகங்களில் இல்லை. பாடசாலைகளின் ஆண்டுக் குழுப்படங்கள், அடையாள அட்டைக்கென எடுத்த படங்களின் மூலச்சுருள்கள், திருமண அல்பங்கள் என்பனவே அவை. மூதூர், திருகோணமலைப் புகைப்படக் கடைகள் பலவற்றில் அச்சுருள்கள் ஈரத்தாலும் இடப்பெயர்வாலும் அழிந்துள்ளன. எஞ்சியவற்றைத் தேடுவோர் படத்தின் பின்புறத்தில் திகதி குறிக்கப்பட்டுள்ளதா என்று முதலிற் பார்த்துக்கொள்ள வேண்டும். 2004ஆம் ஆண்டுக்கும் 2006ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்ட படமாயின், முகத்தை மட்டுமன்றி மயிர் எதுவரை வந்து நிற்கிறது என்பதையும் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். அப்படத்தில் உள்ளவர் இசைந்தாலன்றி அவர் பெயரைக் குறித்தல் ஆகாது.